நாஸ்டர்டியம்: கொடியா, குத்துச்செடியா, எந்த மாதத்தில்?

ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்ததும் எங்கள் அடுக்களை அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் வெளியே வரும். உள்ளே நாஸ்டர்டியம் விதைகள். காய்ந்து சுருங்கிய பட்டாணி போல இருக்கும், கையில் எடுத்தால் கனமே தெரியாது. கோயம்புத்தூரில் ஒரு மொட்டை மாடியும் வாசலில் இரண்டடி அகல மண்ணும்தான் எங்கள் தோட்டம். ஏழு வருடமாக அதில் இந்தச் செடியை விதைத்து, இலையையும் பூவையும் சாப்பிட்டு வருகிறோம்.

மாடித்தோட்டம் வைத்திருக்கும் நண்பர்கள் இதைப் பார்த்துவிட்டுக் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "விதை வாங்கப் போறேன், எது வாங்கட்டும்?" பாக்கெட்டின் மேல் பூவின் நிறம் பெரிதாகத் தெரியும், அதைப் பார்த்தே வாங்கிவிடுவோம். நிறத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கொடி வகையா குத்துச்செடி வகையா, நேரடி விதைப்பா நாற்றா, இலைக்காகவா பூவுக்காகவா காய்க்காகவா என்பதையெல்லாம் வேறொன்று முடிவு செய்கிறது. உங்கள் ஊரில் தொடர்ச்சியாக எத்தனை வாரம் குளிர் கிடைக்கும் என்பதுதான் அது.

குளிர் வாரங்களை எண்ணுவது

இந்தச் செடியின் சொந்த மண் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவுகள், பெரு நாட்டுப் பக்கம். தென் அமெரிக்கா என்றதும் நம் ஊர்ச் சூட்டைத் தாங்கிவிடும் என்று நினைத்துவிடுகிறோம். அதற்கு வெயில் வேண்டும், சூடு ஆகாது. பகலில் 18 முதல் 25 டிகிரி வரை இருந்தால் சந்தோஷமாக வளரும். 30 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூப்பது குறையும், இலை சிறுத்து ஓரம் மஞ்சளாகும், காரம் கசப்பாக மாறும். அதேபோல் உறைபனியும் ஆகாது. தண்டு முழுக்கத் தண்ணீர் நிறைந்த செடி இது, ஒரே இரவில் வெந்த கீரை மாதிரித் தொய்ந்து விழுந்துவிடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். விதை முளைக்க ஒன்று முதல் இரண்டு வாரம். விதைத்ததிலிருந்து முதல் பூவுக்கு ஏழு முதல் ஒன்பது வாரம். பூ உதிர்ந்து பச்சைக் காய் திரள இன்னும் மூன்று நான்கு வாரம். காய் முற்றி மறுவருடத்துக்கு விதையாக அதற்கும் மேல். ஆக, இலை மட்டும் போதுமென்றால் ஐந்தாறு வாரக் குளிர் போதும். பூ வேண்டுமென்றால் பத்து வாரமாவது வேண்டும். காய் ஊறுகாய் வரை போக ஆசையென்றால் பதினான்கு பதினைந்து வாரம் தேவை.

குன்னூர், ஊட்டி, கொடைக்கானல், இலங்கையில் நுவரெலியா போன்ற ஊர்களில் இந்தக் கணக்கே வேண்டாம். அங்கே அது பாதையோரச் சரிவுகளில் தானாகவே படர்ந்து கிடக்கிறது. குன்னூரில் இருக்கும் எங்கள் பெரியம்மா ஒருநாளும் அதை விதைத்ததில்லை. வீட்டுக்குப் பின்னால் கல்கட்டின் மேலிருந்து ஆரஞ்சும் மஞ்சளுமாகத் தொங்கும், விழுந்த விதையிலிருந்து திரும்பத் திரும்ப முளைக்கும். ஊட்டிப் பக்கம் பள்ளமான இடங்களில் மட்டும் டிசம்பர், ஜனவரி உறைபனியில் கருகிவிடும். அங்கே பனி முடிந்து மார்ச் வாக்கில் விதைப்பதுதான் சரி.

கோவையில் நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை எனக்குக் கிடைப்பது ஏறக்குறைய பதினைந்து வாரம். பெங்களூருக்காரர்களுக்கு இன்னும் நீளம், செப்டம்பர் கடைசியிலேயே தொடங்கிவிடலாம். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம்தான் சிக்கல். குளிர் தொடங்கும் நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் கொட்டும், ஈர மண்ணில் விதை அழுகிவிடும். டிசம்பர் நடுவில் மழை குறைந்து விதைத்தால் பத்து வாரம்தான் மிச்சம். நவம்பரிலேயே மழைத் தூறல் படாத தாழ்வாரத்தில் தொட்டியில் விதைத்துவிட்டு, மழை நின்றதும் வெளியே நகர்த்தினால் மூன்று நான்கு வாரம் லாபம். மதுரை, திருச்சியிலும் நவம்பர் கடைசியில் தொடங்குவது நல்லது, பிப்ரவரி நடுவிலேயே வெயில் சுடத் தொடங்கிவிடும்.

டொரொண்டோ, லண்டன் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்குக் கணக்கு தலைகீழ். கடைசி உறைபனி போன பிறகு, மே மாதத்தில் விதைத்தால் இலையுதிர்காலம் வரை செடி நிற்கும். அந்த ஊர்க் கோடை இதற்கு நம் ஊர் மார்கழி மாதிரி.

கொடி, குத்துச்செடி, நடுவில் ஒன்று

வகைகள் நிறைய இருந்தாலும் வளரும் விதத்தை வைத்து மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

குத்துச்செடி வகை ஓரடி உயரத்துக்குக் கட்டுக்கோப்பாக நிற்கும். டாம் தம்ப், அலாஸ்கா, எம்ப்ரஸ் ஆஃப் இந்தியா, வேர்லிபேர்ட் என்று பாக்கெட்டில் பெயர் பார்க்கலாம். அலாஸ்காவின் இலையில் வெள்ளைத் தீற்றல்கள் இருக்கும், பூக்காத நாளிலும் பார்க்க அழகு. எம்ப்ரஸ் ஆஃப் இந்தியா விக்டோரியா மகாராணி காலத்து வகை, கருநீலம் கலந்த பச்சை இலைமேல் ரத்தச் சிவப்புப் பூ.

கொடி வகை ஆறிலிருந்து பத்தடி வரை போகும். இதற்குப் பற்றுக்கம்பி கிடையாது. இலைக்காம்பையே வளைத்து எதையாவது சுற்றிக்கொண்டு ஏறும். அதனால் தடிமனான மூங்கிலை ஊன்றினால் ஏறாது. சணல் கயிறு, மெல்லிய கம்பி வலை, அவரைக்குப் போடும் நைலான் வலை போன்ற ஒல்லியான பிடிதான் வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் க்ளீம் வகைகள். 1930களில் அமெரிக்காவில் பெயர் பெற்றவை. இரண்டு மூன்றடி வரை தொங்கும், பூ கொஞ்சம் அடுக்காக இருக்கும், மணமும் உண்டு. பால்கனிக் கம்பியிலிருந்து தொங்கும் தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

முதல் வருடம் நான் கொடியைத்தான் வாங்கினேன். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு வசந்தத்திலும் மாடி ஜன்னல்களிலிருந்து இருபதடி நீளத்துக்கு நாஸ்டர்டியம் கொடிகளைத் தொங்கவிடுவார்கள். அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து மனதில் அதுவேதான். மொட்டை மாடியில் வலை கட்டினேன், கொடியும் ஏறியது. ஆனால் அது முதலில் உடம்பை வளர்த்தது. வலையின் உச்சியைத் தொட்டுப் பூக்க ஆரம்பித்தபோது பிப்ரவரி மூன்றாம் வாரம். பதினைந்து நாள் பார்த்திருப்பேன், மார்ச் வெயில் வந்துவிட்டது. அந்த அருங்காட்சியகத்தில் பல மாதங்கள் குளிர்ந்த பசுமைக்குடிலில் வைத்து வளர்த்த பிறகுதான் தொங்கவிடுகிறார்கள் என்பதைப் பின்னால்தான் படித்தேன்.

அடுத்த வருடம் ஒரே நாளில் இரண்டையும் விதைத்தேன். குத்துச்செடி ஜனவரி தொடக்கத்திலேயே பூத்துவிட்டது. கொடி அதற்கு மூன்று வாரம் பின்னால். ஒரு செடிக்குக் கிடைத்த இலை என்று பார்த்தால் கொடிதான் அள்ளிக் கொடுத்தது, வாரத்துக்கு இரண்டு கைப்பிடி பறித்தும் குறையவில்லை. காயும் கொடியில்தான் அதிகம். பூ என்று பார்த்தால், எங்கள் ஊர்க் குளிருக்குள் குத்துச்செடி கொடுத்த பூவைக் கொடியால் எட்டிப்பிடிக்க முடியவில்லை.

இன்னொரு வித்தியாசம், குத்துச்செடியைத் தொட்டியோடு தூக்கலாம். ஜனவரியில் நல்ல வெயிலில் வைத்திருந்து, பிப்ரவரி பிறந்ததும் கிழக்குச் சுவரோரம் நகர்த்தினால் காலை வெயில் மட்டும் படும். இந்த ஒரு வேலையால் எனக்கு வருடா வருடம் இரண்டு வாரம் கூடுதலாகக் கிடைக்கிறது. வலையில் ஏறிய கொடியை எங்கே நகர்த்துவது? பச்சை நிழல் வலைதான் கட்ட வேண்டும்.

வாசல் மண்ணும் மலைக்காற்றும் உள்ளவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கொடியை வாங்கலாம். சமவெளியில் மொட்டை மாடிக்கு என்றால் குத்துச்செடி. பெங்களூரு போல நடுவான குளிருள்ள ஊரில் பால்கனி மட்டும்தான் என்றால் க்ளீம்.

மலையில் விதைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது வேலி தாண்டிப் படரும் செடி. நியூசிலாந்து, ஹவாய் போன்ற இடங்களில் காட்டுக்குள் பரவி, இருக்கும் செடிகளை மூடிவிட்டது. சோலைக்காட்டை ஒட்டி வீடு இருந்தால் தொட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள், பிடுங்கிய கொடியைச் சரிவில் வீச வேண்டாம். நீலகிரியின் சோலைகளுக்கு வந்தேறிச் செடிகளின் பாரம் ஏற்கெனவே போதும்.

விதையா, நாற்றா

இதில் எனக்குத் தயக்கமே இல்லை. நேரடியாக விதையுங்கள்.

நர்சரியில் பூவோடு நிற்கும் நாற்றை வாங்கத் தோன்றும், அப்படி இரண்டு முறை வாங்கியும் இருக்கிறேன். இதன் வேர் மெல்லியது, தொந்தரவு செய்தால் கோபித்துக்கொள்ளும். மாற்றி நட்ட செடி பத்து நாள் அப்படியே நிற்கும், அதற்குள் நேரடியாக விதைத்தது அதைத் தாண்டிவிடும். அதைவிட முக்கியமான காரணம் சாப்பாடு. அழகுக்காக விற்கும் செடிக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. பறித்துச் சாப்பிடப்போகும் செடி விதையிலிருந்து நம் கையில் வளர்ந்ததாக இருக்கட்டும். நாற்று விட்டே ஆக வேண்டும் என்றால் குழித்தட்டை விட்டுவிட்டு, தினசரித் தாளைச் சுருட்டிச் செய்த குப்பியில் விதையுங்கள். குப்பியோடு அப்படியே மண்ணில் இறக்கிவிடலாம்.

விதையை முதல் நாள் இரவு தண்ணீரில் ஊறப்போடுங்கள். மறுநாள் கட்டைவிரல் நகம் மறையும் ஆழத்தில், ஒன்றரை சென்டிமீட்டர் போல, ஊன்றி மூடுங்கள். இது முளைக்க இருட்டு வேண்டும், மேலோடு தூவினால் வராது. அவரை முளைப்பது போல இரண்டு பருப்பும் மேலே வரும் என்று காத்திருக்காதீர்கள். பருப்பு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும், நேராக வட்ட இலையோடுதான் தலை தெரியும். குத்துச்செடிக்கு ஓரடி இடைவெளி, பத்து அங்குலத் தொட்டிக்கு இரண்டு விதை. கொடிக்கு ஒன்றரை அடி விடுங்கள்.

பாக்கெட் வாங்கும்போது நாளைப் பாருங்கள். ஒரு வருடம் இணையத்தில் வாங்கிய இருபது விதையில் மூன்றுதான் முளைத்தது. பின்னால் திருப்பிப் பார்த்தால் சோதனை நாள் இரண்டு வருடத்துக்கு முந்தையது. நல்ல குளிர்ந்த இடத்தில் இருந்தால் இந்த விதை மூன்று நான்கு வருடம் கூடத் தாங்கும், ஆனால் அந்தப் பாக்கெட் எந்தக் கிடங்கில் வெந்ததோ. அதோடு, நிறம் பூசிய விதை மருந்து கலந்தது. அது மண்ணுக்குத்தான், வாய்க்கு அல்ல.

மண் விஷயத்தில் பெரியம்மா சொன்னதே போதும்: "எருப் போடாத கண்ணு, போட்டா இலைதான் முட்டிக்கிட்டு வரும், பூவு வராது." சாதாரணச் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, கொஞ்சம் தென்னை நார்க் கழிவு. மண்புழு உரம் ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். ஆனால் இலைக்காகவே வளர்ப்பவருக்கு இந்த விதியைத் திருப்பிப் போடலாம். நான் இப்போது இரண்டு தொட்டிக்கு மட்டும் நன்றாக எரு போடுகிறேன், அவை துவையலுக்கு. மற்றவை பட்டினி கிடந்து பூக்கட்டும்.

இலையா, பூவா, காயா

சாப்பிடுவதற்கு முன்னால் இந்தக் காரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் சமைப்பது சுலபம். பப்பாளி விதையைக் கடித்துப் பார்த்திருக்கிறீர்களா? மூக்கில் ஏறும் அந்தச் சுரீர்தான் இதுவும். ஒத்த சுவை என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, இரண்டிலும் பிறக்கும் வேதிப்பொருள் ஒன்றே, பென்சைல் ஐசோதயோசயனேட். கடுகு, முருங்கை, பப்பாளி, நல்வேளை, ஆதொண்டை எல்லாம் தாவரவியலில் இதோடு ஒரே பெருவரிசையைச் சேர்ந்தவை. நாம் அந்நியப் பூ என்று நினைக்கும் செடி நம் கடுகுக்கும் முருங்கைக்கும் தூரத்துச் சொந்தம். நாஸ்டர்டியம் என்ற பெயரே லத்தீனில் மூக்கைத் திருகுவது என்ற பொருளில் வந்தது.

முழு இலைக்குள் காரம் கிடையாது. காரத்தின் மூலப்பொருளும் அதை உடைக்கும் நொதியும் தனித்தனியாக இருக்கும். நறுக்கும்போதோ மெல்லும்போதோ இரண்டும் கலந்த பிறகுதான் காரம் பிறக்கும். சூடு பட்டால் அந்த நொதி செத்துவிடும். ஆகவே இதைக் கீரை போல வேகவைத்தால் வெறும் பச்சைத் தழையின் சுவைதான் மிஞ்சும். பச்சையாக, அல்லது அடுப்பை அணைத்த பிறகு.

இலையைத்தான் நான் முதலில் வைப்பேன். எல்லா ஊரிலும் கிடைப்பது அது, ஐந்தாவது வாரத்திலிருந்தே பறிக்கலாம். ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய இளம் இலையாகப் பாருங்கள். முற்றினது நார், வெயிலில் வாடினது கசப்பு. காலையில் பறித்தது மென்மையாக இருக்கும். எங்கள் வீட்டில் தயிர்ப் பச்சடிதான் அதிகம்: பத்துப் பன்னிரண்டு இலையைப் பொடியாக நறுக்கி, கெட்டித் தயிரில் உப்போடு கலந்து, கடுகும் உளுந்தும் தாளித்து ஆறிய பிறகு மேலே விடுவேன். பச்சை மிளகாயே வேண்டாம். துவையலுக்குத் தேங்காய், பொட்டுக்கடலை, துளி புளி, உப்பு எல்லாம் முதலில் அரைத்துவிட்டு இலையைக் கடைசியில் போட்டு ஒரு சுற்று. வதக்காதீர்கள். தோசைக்கு இது பிரமாதம். அரைத்த உடனே சாப்பிட வேண்டும், சாயங்காலம் வரை வைத்தால் காரம் ஓடிவிடும்.

இலைக்கு இன்னொரு அழகும் உண்டு. தாமரை இலைபோல இதிலும் தண்ணீர் ஒட்டாது, முத்து முத்தாக உருண்டு ஓடும். குழந்தைகள் ஒரு தொட்டி முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்துவிடுவார்கள். அதனாலேயே கழுவும்போது மேலோடு தண்ணீர் ஊற்றினால் போதாது. முக்கி எடுத்து, அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். பூச்சி முட்டை அங்கேதான் இருக்கும்.

பூ இலையைவிட மென்மை. இதழ் லேசாகக் காரம், பின்னால் நீளும் வால் போன்ற குழலில் தேன். அந்த வாலின் நுனியைக் கிள்ளி உறிஞ்சுவதைக் குன்னூர்ப் பிள்ளைகளிடம்தான் கற்றுக்கொண்டேன். முதல் கடிக்கு இனிப்பும் பிறகு காரமும் வரும். கேரட், வெள்ளரிக்காய் சாலட்டில், தயிர் சாதத்தின் மேல், நீர்மோரில் கிள்ளிப்போட்டு என்று பச்சையாகவே சேருங்கள். பறிப்பதற்கு முன் வாலுக்குள் எறும்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூவை நம்பி விருந்துக்குத் திட்டம் போட வேண்டாம், பறித்து ஒரு மணி நேரத்தில் துவண்டுவிடும். ஈரத் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு நாள் தாங்கும்.

வட்ட இலை கேடயம், பூ ரத்தம் தோய்ந்த தலைக்கவசம் என்று பார்த்துத்தான் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்த இனத்துக்குப் போர் வெற்றிச் சின்னத்தைக் குறிக்கும் சொல்லால் டிரோபியோலம் என்று பெயர் வைத்தார். அவருடைய மகள் எலிசபெத் கிறிஸ்டினா 1762இல், பத்தொன்பது வயதில், அந்தி வெளிச்சத்தில் இந்தப் பூக்கள் மின்னுவது போலத் தெரிவதைக் கவனித்து எழுதினார். பூ ஒளி விடுவதில்லை, மங்கல் வெளிச்சத்தில் பச்சை இலை நடுவே ஆரஞ்சைப் பார்க்கும் நம் கண்ணின் வேலை அது என்று பின்னால் விளக்கம் வந்தது. ஜனவரி மாலையில் ஆறு மணிக்கு மாடிக்குப் போய் நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பாருங்கள். எனக்குத் தெரிந்திருக்கிறது. சாப்பிடப் பூ போதவில்லை என்று எல்லாவற்றையும் பறித்துவிட வேண்டாம் என்று சொல்ல இதுவே எனக்குக் காரணம். இன்னொரு காரணம், அதைத் தேடி வரும் தேன்சிட்டு.

காய்தான் மூன்றிலும் காரம் அதிகம். மூன்று உருண்டைகள் ஒட்டியபடி வரும், பச்சையாக, நகம் இறங்கும் பதத்தில் பறிக்க வேண்டும். ஐரோப்பாவில் இதை வினிகரில் ஊறவைத்து, விலை அதிகமான கேப்பர் மொட்டுக்குப் பதிலாகச் சேர்ப்பார்கள். கேப்பர் நமக்குத் தூரமானதல்ல, நாம் வற்றல் போடும் ஆதொண்டை அதே இனம்தான்.

நான் மூன்று விதமாகச் செய்துபார்த்தேன். வினிகர் ஊறுகாய் நன்றாக இருந்தது, ஆனால் நம் சாப்பாட்டோடு சேரவில்லை. மோர் மிளகாய் போலப் புளித்த மோரில் ஊறவைத்துக் காயவைத்ததை எண்ணெயில் பொரித்ததும் காரம் முழுக்கப் போய்விட்டது, கருகிய உப்புதான் மிச்சம். மூன்றாவது, பச்சை மிளகு ஊறுகாய் போடும் அதே முறை: காயைக் கழுவி நிழலில் ஈரம் போக உலர்த்தி, கல் உப்பும் எலுமிச்சைச் சாறும் மூழ்கும் அளவு விட்டு, கண்ணாடி பாட்டிலில் குளிர்பெட்டியில் இரண்டு வாரம். தயிர் சாதத்துக்கு இதற்கு ஈடில்லை. ஒரு சின்ன பாட்டில் நிரம்ப இருநூறு காயாவது வேண்டும், அதற்கு எனக்கு ஆறு குத்துச்செடி போதவில்லை. குன்னூரிலிருந்து பெரியம்மா ஒரே காலையில் பறித்துக் கொடுத்துவிடுவார். அதனால்தான் சொல்கிறேன், காய்க்காக வளர்ப்பது மலைக்காரர்களின் பாக்கியம்.

தண்டையும் வீணாக்க வேண்டாம். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஐசன்ஹோவரின் காய்கறி சூப் செய்முறையில் நாஸ்டர்டியம் தண்டைப் பொடியாக நறுக்கிக் கடைசியில் சேர்க்கச் சொல்லியிருக்கும். நான் ரசத்தை இறக்கியபின் கொத்தமல்லியோடு தூவுகிறேன்.

எவ்வளவு சாப்பிடலாம்? இது துணை உணவு, கீரைக்கு மாற்று அல்ல. ஒருவருக்கு நான்கைந்து இலை, இரண்டு மூன்று பூ. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் தவிர்ப்பது நல்லது. தோட்டத்துப் பூவைத் தின்னலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அன்றைக்கே அரளியையும் ஊமத்தையையும் காட்டி, இவை ஆகவே ஆகாது என்றும் சொல்லிக்கொடுங்கள்.

பூச்சி என்றால் அசுவினிதான், கறுப்பாகத் தண்டில் அப்பிக்கொள்ளும். முட்டைக்கோஸ் பக்கத்தில் இதை வைத்தால் பூச்சி இதற்கு வந்துவிடும் என்பார்கள். அப்படி வைத்தால் அந்தச் செடியைச் சாப்பிடக் கணக்கில் சேர்க்காதீர்கள், பூச்சிக்கே விட்டுவிடுங்கள். சாப்பிடும் தொட்டியைத் தள்ளி வைத்து, அசுவினி தெரிந்ததும் குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்தாலே பாதி போய்விடும். இலையில் வெள்ளைக் கோடு கோடாகப் பாம்பு ஊர்ந்த தடம் தெரிந்தால் இலைத்துளைப்பான், அந்த இலையைக் கிள்ளிக் குப்பையில் போடுங்கள்.

குளிரே போதாத ஊர் என்றால்

ராமநாதபுரத்திலிருந்தோ வேலூரிலிருந்தோ படிக்கிறீர்கள், எட்டு வாரம்கூட உங்களுக்கு நிச்சயமில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வழி இருக்கிறது. டிசம்பரில் ஒரு அகலத் தட்டில் விதையை நெருக்கமாக ஊன்றி, ஐந்தாறு இலை வந்ததும் வெட்டிச் சாப்பிட்டுவிடலாம், பூவை எதிர்பார்க்காமல். விதை விலை கட்டுப்படியாகாது என்று தோன்றினால், அந்தச் சுவைக்காக மட்டும் கடுகைத் தட்டில் முளைக்கவைத்து ஒரு வாரத்தில் நறுக்கிக்கொள்ளுங்கள். அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் கடுகே போதும். காரம் கிட்டத்தட்ட அதே இனம், செலவு பைசாக் கணக்கு. மழை முடிந்து தானே முளைக்கும் நல்வேளைக் கீரையும் வெயிலுக்கு அஞ்சாது. தட்டில் வண்ணம் வேண்டுமென்றால் சங்குப்பூ இருக்கிறது, அது சித்திரையிலும் பூக்கும். வெயில் ஊரில் நாஸ்டர்டியத்தை மே மாதம் வரை காப்பாற்ற நிழல் வலை, தண்ணீர்த் தெளிப்பான் என்று செலவழிப்பதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். எனக்கு அது தோற்றுப்போன செலவு.

இந்த வருடம் என் மாடியில் டாம் தம்ப் ஆறு தொட்டி, அலாஸ்கா இரண்டு, வாசல் கம்பிவேலியில் கொடி ஒன்றே ஒன்று. நவம்பர் பதினைந்தை ஒட்டி ஒரு பாதி, இரண்டு வாரம் கழித்து மறு பாதி என்று விதைப்பேன். ஒரே நாளில் எல்லாம் விதைத்தால் எல்லாம் ஒரே வாரத்தில் ஓய்ந்துவிடும்.

மார்ச்சில் செடி மஞ்சளாகும்போது பிடுங்க அவசரப்படாதீர்கள். தண்ணீரைக் குறைத்துவிட்டுத் தொட்டியின் அடியில் தேடுங்கள். வெளுத்துச் சுருங்கிய விதைகள் தாமாகவே உதிர்ந்து கிடக்கும். பொறுக்கி, நிழலில் பத்து நாள் உலர்த்தி, எந்தத் தொட்டியில் எடுத்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி பாட்டிலில் போட்டு மூடுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும், அதனால் ஒரு சிட்டிகை அடுப்புச் சாம்பலையும் சேர்த்துப் போடுவேன். தொட்டி மண்ணில் தப்பிய ஒன்றிரண்டு, அடுத்த ஐப்பசி மழையில் நான் பாட்டிலைத் திறப்பதற்கு முன்னாலேயே முளைத்திருக்கும்.